கேட்டுவிட்டுத்தான் மிதிப்பார்

எங்கள் பக்கத்தில் மிதி வாங்குவதற்கென்றே பஸ் ஏறிப் போவார்கள். பாலக்காடு ஜில்லாவின் கிழக்குக் கோடி, எருத்தேன்பதியைச் சுற்றிய ஊர்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றால் வைத்தியர் யார் என்று எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. "காலோட பொறந்தவங்க பக்கத்துல ஆராச்சும் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். தாய் வயிற்றிலிருந்து தலை வராமல் கால் முதலில் வந்து பிறந்தவர்கள், அந்தக் காலால் மூன்று நாள் காலையில் இடுப்பை மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும். இது நம்பிக்கைதான், ஆனால் சட்டம் மாதிரி நடந்துகொண்டிருந்தது.

நான் சொல்ல வந்த அக்கா அப்படிக் காலோடு பிறந்தவர். பேர் இருந்தது, யாரும் சொன்னதில்லை. மிதிக்கிற அக்கா என்றால் சித்தூர் பஸ்ஸில் கண்டக்டரே நிறுத்தம் வந்ததும் குரல் கொடுத்து இறக்கிவிடுவார். எழுபதுகளின் நடுவில் அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான உருவம், கருத்த முகம், முன்பல்லில் ஓர் இடைவெளி. சிரித்தால் மூன்று காடு தள்ளி ஆடு மேய்ப்பவன் திரும்பிப் பார்ப்பான்.

காலையில் பால் கறந்து முடித்ததும் மாட்டுக்கொட்டகை முன்னால் ஒரு சாக்கை விரிப்பார். வந்தவர் அதில் குப்புறப் படுக்க வேண்டும். உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும். அக்கா தொட்டித் தண்ணீரில் வலது காலைக் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை இடுப்பில் வைப்பார். மூன்று தடவை. பிறகு குனிந்து, மிதித்த இடத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். புத்தகத்தில் கால் பட்டால் நாம் செய்வோமே, அந்த மாதிரி. படுத்திருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சரி, கூலிக்காரராக இருந்தாலும் சரி, அந்தக் கண் ஒற்றல் தவறாது.

அவர் புருஷனும் பிடிப்புக்காரர்தான். புருஷனை மிதிக்கலாமா என்று ஊரில் ஒரு பெரிய சர்ச்சை இருந்தது. கேட்டவர்களிடம் அக்கா, "ஊட்டுக்குள்ள நடக்கறது ஊருக்கெதுக்குங்க?" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். புருஷன் வெட்கப்பட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

ஆனால் அங்கே போனவுடன் மிதி கிடைத்துவிடாது. முதலில் கேள்வி. மிதி மூன்று என்றால் கேள்வி முப்பது.

"விரலு வச்சுக் காட்டுங்க, எங்க தொடங்குது? எங்க போயி நிக்குது? இருமுனா இழுக்குதுங்களா? தும்முனா? உக்காந்தா எச்சா இருக்குதா, நடந்தா எச்சாவா? காலு மரத்துப் போகுதா? கட்டைவிரல மேல தூக்குங்க பாக்கலாம். குதிங்கால் ஊனி நடங்க. ஒண்ணுக்குச் செரியாப் போகுதுங்களா?"

கடைசிக் கேள்விதான் ஆண்பிள்ளைகளைச் சாகடிக்கும். நாலு பேர் காத்திருக்கிற இடத்தில், ஒரு பெண்பிள்ளை, அதுவும் அந்தக் குரலில் கேட்டால் என்ன சொல்வது? முறுக்கு மீசைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு மாட்டிடம் பதில் சொல்வார்கள்.

சொஸைட்டி ஆபீஸில் ஒரு குமாஸ்தா இருந்தார். அப்போதுதான் வந்திருந்த யானைக்கால் பேண்ட் போட்டுக்கொண்டு வந்தார். புட்டத்தில் தொடங்கித் தொடை வரைக்கும் வலி, இடது பக்கம் மட்டும். அக்கா கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். எதுவும் பிடிபடவில்லை. கடைசியில், "பொறகால பாக்கெட்டுல என்னமோ புடைச்சுட்டு இருக்குதே, என்னங்க அது?" என்றார். செங்கல் கனத்துக்கு ஒரு டயரி. காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை அதன் மேல்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். "இத மேசை மேல வச்சுட்டு உக்காந்து பாருங்க. வலி போகலீன்னா வாங்க, மிதிக்கறேன்." இரண்டு வாரம் கழித்து அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். வலி போய்விட்டது, மிதி கிடைக்கவில்லையே என்று அவருக்கு ஒரு குறை.

இந்தக் கேள்விகள் ஆரம்பத்தில் அவரிடம் கிடையாது. பத்து வயதிலிருந்து யார் வந்து படுத்தாலும் மிதித்துக்கொண்டிருந்தவர்தான். ஒருமுறை ஒரு கிணறு வெட்டுகிற ஆள் வந்தார். வலி இடுப்பில் தொடங்கிப் பாதம் வரை ஓடியது. அக்கா எப்போதும் போல மிதித்தார். மறுநாள் காலையில் அந்த ஆளின் பாதம் தொங்கிவிட்டது. செருப்புக் கழன்று கழன்று விழுகிறது, தூக்கி மாட்ட முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொண்டிருப்பார்கள். அக்கா அவர் கூடவே பாலக்காட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு லேடி டாக்டர், "ஆரா சவிட்டியது?" என்று மலையாளத்தில் கத்தியிருக்கிறார். அக்கா கையைக் கட்டிக்கொண்டு, "நான்தாங்கம்மா," என்றாராம். டாக்டர் திட்டித் தீர்த்தார். திட்டி முடிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "உள்ள என்னம்மா ஆச்சு?"

அங்கேதான் தொடங்கியது அந்தக் கேட்கிற பழக்கம். டாக்டருக்கும் அது பிடித்துப்போயிருக்க வேண்டும். உட்கார வைத்துப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். கிணறு வெட்டுகிறவர் பழையபடி நடக்க ஆறு மாதம் ஆயிற்று. வாரா வாரம் அக்கா அவர் வீட்டுக்குப் போய், "இன்னைக்கு எந்த விரலு அசையுது?" என்று கேட்டுவிட்டு வருவார். அந்த ஆறு மாதமும் அக்கா சிரித்து யாரும் பார்க்கவில்லை என்று சொல்வார்கள்.

அந்த மூத்திரக் கேள்வியின் அருமை எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்து படுத்தவர், கேட்டதற்கு, "ரெண்டு நாளா செரியாப் போகல, உக்கார்ற எடமே மரத்துக் கெடக்குது," என்றிருக்கிறார். அக்கா காலைக் கழுவக்கூட இல்லை. அங்கிருந்தே புருஷனைக் கூப்பிட்டு, ஊரில் இருந்த ஒரே அம்பாஸிடரைக் கொண்டுவரச் சொல்லி, அந்த மனிதரைப் படுத்தவாக்கிலேயே ஏற்றி அனுப்பினார். அன்றே ஆபரேஷன். ஒரு நாள் தாமதித்திருந்தால் ஆயுசுக்கும் படுக்கைதான் என்றார்களாம். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து மீசைகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தன.

இனி என் கதை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பெண் பார்த்து, பேசி முடித்து, உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயமும் ஆயிற்று. வைகாசியில் முகூர்த்தம். விதைக் கடலை மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். இரண்டு ஆள் தூக்குகிற மூட்டை. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். புது மாப்பிள்ளைக்குப் புத்தி எங்கே இருக்கும்? ஒற்றை ஆளாகக் குனிந்து தூக்கி, இடுப்பைத் திருப்பி வண்டியில் போட்டேன். உள்ளே சுள்ளி முறிந்த மாதிரி ஒரு சத்தம். அவர் மெச்சித் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சிரித்துக்கொண்டே நின்றேன். சிரிப்பை நிறுத்தியிருந்தால் அழுதிருப்பேன்.

இரண்டு நாளில் வலி காலுக்கு இறங்க ஆரம்பித்தது. புட்டத்தில் தொடங்கி, பின்தொடை வழியாக, ஆடுசதையைத் தாண்டிச் சுண்டுவிரல் வரைக்கும், மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் ஒரே கோடு. உட்கார்ந்தால் எரிச்சல், இருமினால் வெட்டி இழுக்கும். நடக்கும்போது வலது காலைத் தாங்கினேன்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பயம் வேறே. இதற்கு முன்னால் அந்தப் பெண்ணைப் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை லேசாகக் காலைத் தாங்கினான் என்று என் மாமனார் ஆகப்போகிறவர் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தார். பத்து ஊருக்குத் தெரிந்த சங்கதி அது. நான் நொண்டுவது தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். எனக்கோ அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. பார்த்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் காபி டம்ளருக்கு மேலே. ஆனாலும் பிடித்திருந்தது.

அப்பா சூடு போட்டுவிடலாம் என்றார். குதிங்காலுக்கு மேல் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைப்பார்கள். கல்யாணத்தன்று பெண்ணின் தம்பி என் காலைக் கழுவிவிடும்போது அத்தனை பேர் கண்ணும் என் பாதத்தில்தானே இருக்கும் என்று சொல்லித் தப்பித்தேன். உள்ளூரில் வைத்தியம் பார்த்தாலும் செய்தி பறந்துவிடும். ஆகவே யாருக்கும் என்னைத் தெரியாத ஊருக்குப் போவதாக நினைத்துக்கொண்டு, மிதிக்கிற அக்காவின் ஊருக்கு பஸ் ஏறினேன். எங்கள் ஜனத்தில் பத்துக் கல் சுற்றளவில் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், இல்லாத வீடு ஒன்று இருக்கும் என்று நம்பியது நான் செய்த தப்பு. என்னைத் தவிர எங்கள் ஆட்கள் யாரும் செய்ய மாட்டார்கள் அந்தத் தப்பை.

அக்கா என்னைக் கேட்டார். எல்லாம் கேட்டார். பிறகு குப்புறப் படுக்கச் சொல்லாமல் மல்லாந்து படுக்கச் சொன்னார். புருஷனைக் கூப்பிட்டு, "இவரு காலத் தூக்குங்க, முட்டி மடங்காம," என்றார். பாதி தூக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

"செரி, எறக்குங்க," என்றார் அக்கா. "எந்திரிங்க தம்பி. உங்கள மிதிக்கமாட்டேன்."

"ஏனுங்கக்கா? மூணு மிதி வேண்டாம், ஒண்ணு மிதிங்க."

"அரை மிதிகூட மாட்டேன். வலி இடுப்போட நின்னுருந்தா மிதிப்பேன். முட்டிக்குக் கீழ எறங்கீருச்சு. இதுக்கு என் காலு ஆகாது."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஊரில் உள்ளவனெல்லாம் மிதி வாங்கிக்கொண்டு போகிறான், நான் என்ன பாவம் செய்தேன்? முனகிக்கொண்டே சட்டையை மாட்டினேன். அக்கா கண்டுகொள்ளவில்லை. ஒரு மணையைப் போட்டு எதிரில் உட்கார்ந்து, அந்த டாக்டரம்மா போட்ட படத்தை மண்ணில் குச்சியால் போட்டுக் காட்டினார். முதுகெலும்பு கட்டை கட்டையாக இருக்கிறது, நடுவே நடுவே பஞ்சு மெத்தை மாதிரி ஒன்று. குனிந்தவாக்கில் பாரத்தைத் தூக்கி இடுப்பைத் திருப்பினால் அந்த மெத்தை பிதுங்குகிறது. பக்கத்தில் இறங்கிப் போகிற நரம்பை நெரிக்கிறது. அந்த நரம்பு சுண்டுவிரல் தண்டி இருக்குமாம், இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் ஓடுகிறதாம்.

"கெணத்து மேட்டுல ஓஸ் பைப்பு மேல ஒரு கல்லு விழுந்துருச்சுன்னு வைங்க. காட்டுக் கோடியில நிக்கறவன்தான தண்ணி வரலீன்னு கத்துவான்? அதுக்காவக் கோடியில போயிப் பைப்பத் தடவிட்டு இருந்தா ஆகுமா? உங்க காலுல ஒரு கோளாறும் இல்ல. இடுப்புல இருக்குது."

"அப்பக் கல்ல எடுக்கறது எப்புடிங்க?"

"அதுவே நவுந்துரும். முக்காவாசிப் பேருக்கு நவுந்துருது. ஆறு வாரம் புடிக்கும். நாம போயிக் கெடுக்காம இருந்தாப் போதும்."

அதன் பிறகு கட்டளைகள். சித்தூரில் டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக்கொள். மூட்டை தொடாதே. மாட்டு வண்டி ஏறாதே. சம்மணம் போட்டு உட்காராதே. ஒருக்களித்துப் படு, முட்டிக்கு நடுவே சாக்கைச் சுருட்டி வைத்துக்கொள். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. குனிய வேண்டுமென்றால் முட்டியை மடக்கு, முதுகை மடக்காதே. கட்டைவிரல் தூக்க முடியாமல் போனாலோ, மூத்திரம் நின்றாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள்.

"ரெண்டு நாளு கொறைக்க முடியுங்களா? நாப்பது நாள்ல கல்யாணமுங்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆருக்குங்க?"

"எனக்குத்தானுங்க."

"பொண்ணு எந்த ஊரு?"

"கொழிஞ்சாம்பாறைங்க," என்று பொய் சொன்னேன்.

"கொழிஞ்சாம்பாறைல ஆரு ஊட்டுப் பொண்ணு?"

கேட்பதே தொழிலாக வைத்திருப்பவரிடம் பொய் சொன்னால் இப்படித்தான். "தெரியலீங்க," என்றேன். மாட்டுப் பக்கம் நின்ற புருஷன் இருமினார். கட்டிக்கப் போகிற பெண் யார் வீட்டுப் பெண் என்று தெரியாத மாப்பிள்ளையை இன்றுதான் பார்க்கிறேன் என்று அக்கா சிரித்த சிரிப்பில் கன்றுக்குட்டி முளைக்குச்சியை இழுத்துக்கொண்டு துள்ளியது.

சித்தூர் டாக்டர் பலகையில் மூன்று வாரம் அசையாமல் படுக்கச் சொன்னார். அந்தக் காலத்தில் எல்லா டாக்டரும் அதைத்தான் சொல்வார்கள். மறுபடியும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். "மாத்திரையத் தின்னுங்க. பலகையும் செரிதான். மூணு வாரம் வேண்டாம், மூணு நாளுப் போதும். அப்பறம் சித்தெ சித்தெ நடங்க," என்றார். டாக்டரை மீறி எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். இத்தனை வருஷம் வந்தவர்கள் போனவர்கள் எல்லாரையும் பிறகும் விடாமல் கேட்டிருக்கிறார். படுத்தே கிடந்தவர்கள் எழுந்திருக்க நாளாயிற்று. வலியோடு கொஞ்சம் கொஞ்சமாக நடந்தவர்கள் வெரசாக எழுந்தார்கள். அவர் கணக்கு அவ்வளவுதான்.

அன்று இன்னொன்றையும் பார்த்தேன். வேறொருவரை மிதித்துக்கொண்டிருந்தார். கயிறு கிறீச்சென்று முறுகியது. மொத்த உடம்பும் கயிற்றில்தான் தொங்கியது. படுத்திருந்தவர் இடுப்பில் பாதம் ஒரு பூனைக்குட்டி அளவுகூட அழுத்தவில்லை. நான் கவனித்ததை அவரும் கவனித்துவிட்டார். அந்த ஆள் போன பிறகு குரலைத் தாழ்த்தி, "டாக்டரம்மா மிதிக்கவே கூடாதுன்னுச்சு. நான் மிதிக்கமாட்டேன்னா இவங்க நேராச் சூடு போடப் போவாங்க. அதுக்காவ வச்சு வச்சு எடுக்கறேன். ஆருகிட்டயும் சொல்லீராதீங்க," என்றார். இவ்வளவு நாள் சொல்லவில்லை. இப்போது சொன்னால் தப்பில்லை.

பதினைந்து நாள் போனது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஜவுளி எடுக்கக் கோயமுத்தூர் போனோம். பஸ்ஸில் உட்கார முடியாமல் வயதானவர்களுக்கு இடம் கொடுக்கிற சாக்கில் நின்றுகொண்டே போனேன். நல்ல பழக்கம் என்று யாரோ சொன்னார்கள். கடையில் எல்லாரும் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது மாமனார், "மாப்பிள்ளை, இது எங்க அண்ணன் மக, பொண்ணுக்கு அக்கா. உப்புச் சர்க்கரைக்கு வர முடியல," என்று ஒரு பெண்மணியைக் காட்டினார்.

மிதிக்கிற அக்கா நின்றுகொண்டிருந்தார்.

மனைவியின் அக்காவை நாங்கள் நங்கையா என்போம். "வாங்க நங்கையா," என்றேன். குரல் வேறு யாருடையது மாதிரியோ இருந்தது. அவர் முதல் தடவை பார்ப்பவர் போலக் கும்பிட்டார். தண்ணீர் குடிக்கப் போனேன், பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, கொழிஞ்சாம்பாறைப் பொண்ண என்ன பண்ணுனீங்க?"

"நங்கையா, மாமங்கிட்ட மட்டும் சொல்லீராதீங்க. உங்க காலுல வேணும்னாலும் விழறேன்."

"குனியாதீங்க," என்றார் உடனே. பிறகு கொஞ்சம் யோசித்தார். "நானாப் போயிச் சொல்லமாட்டேன். ஆனா அவரு கேட்டாப் பொய் சொல்லமாட்டேன். நீங்க நடக்கறதப் பாருங்க. காலையில ஒரு கல்லு தூரம், சாயங்காலம் ஒரு கல்லு தூரம். ஒரு நாளு உட்டாலும் மணவறையில மாட்டிக்குவீங்க."

மாமனார் கேட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே நடந்தேன். வாய்க்கால் மேட்டில் காலையில் ஒரு கல், மாலையில் ஒரு கல். வெயிலடித்தாலும் நடந்தேன், காற்றடித்தாலும் நடந்தேன். முதலில் சுண்டுவிரல் எரிச்சல் போனது. பிறகு ஆடுசதை. வலி ஏணியில் ஏறுகிற மாதிரி கீழிருந்து மேலே போய்க்கொண்டிருந்தது. மேலே போனால் நல்லது என்று நங்கையா சொல்லியிருந்தார். முகூர்த்தம் நெருங்கும்போது புட்டத்தில் மட்டும் ஒரு பிடிப்பு மிச்சம். நடை சரியாகிவிட்டது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு கல்யாணத்தில் எத்தனை பேர் காலில் விழ வேண்டும் என்று மாப்பிள்ளைகள் முன்கூட்டி யோசிப்பதில்லை. நாற்பதாம் நாள் காலையில், பெண் வீட்டுப் பந்தலில், தாலி கட்டுவதற்கு முன் பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். முதலில் மாமனார். வேட்டியை இறுக்கிக்கொண்டு குனிந்தேன். பாதியில் இடுப்பு வெட்டி இழுத்தது. கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. மேளக்காரர் நிறுத்திவிட்டார். அத்தனை ஜனமும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதருடைய முட்டியைப் பார்த்தபடி நான் நின்றேன்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "மாமா, எனக்கு நரம்புப் புடிப்பு. நாப்பது நாளா இருக்குது. உங்ககிட்டச் சொல்லாம மறைச்சுட்டேன். காலைத் தாங்கறது தெரிஞ்சா பொண்ணு குடுக்கமாட்டீங்கன்னு பயந்துட்டேன்," என்றேன். அவர் முட்டியைப் பார்த்தே சொன்னேன். வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

மாமனார் என் இரண்டு தோளையும் பிடித்து மெல்ல நிமிர்த்தினார்.

"தெரியும் மாப்பிள்ளை. கோயமுத்தூருலயிருந்து வாறப்பவே பஸ்ஸுல எங்கண்ணன் மகளக் கேட்டேன். எல்லாஞ் சொல்லிப்போட்டா. குனியாமக் கும்புடுங்க, போதும்."

"அப்ப ஏன் மாமா எங்கிட்டச் சொல்லல?"

"உங்க நங்கையாதான் சொல்ல வேண்டாம்னா. பயம் போச்சுன்னா நடக்கமாட்டாருன்னுட்டா."

பெண்கள் வரிசையில் சிரிப்பு வெடித்தது. அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சமையல்காரருக்குக்கூடத் தெரியும் போல. நங்கையா முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. மணவறையில் எனக்கு மட்டும் முக்காலி போட்டிருந்தது. அரைமணிக்கு ஒருதரம் யாராவது வந்து, "மாப்பிள்ளை, சித்தெ எந்திரிச்சு இக்கட்ட வாங்க," என்று ஒரு சுற்று நடத்திக் கூட்டிவந்தார்கள். அது என்ன சீர் என்று என் பக்கத்து ஒறம்பரைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

ஆனியில் வலி சுத்தமாகப் போய்விட்டது. ஆவணி மாதம் ஒரு சாயங்காலம், கடலைக் காட்டு வரப்பில் நானும் என் மனைவியும் நடந்துகொண்டிருந்தோம். கல்யாணம் ஆகி மூன்று மாதம். பேச்சுவாக்கில், "உங்கப்பன் பெரிய மனசு பண்ணி உட்டுட்டாரு," என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். "எங்கப்பனா? பஸ்ஸ உட்டு எறங்கறதுக்குள்ள வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாருங்க. அக்காதான், 'நீங்களும் முடிவு பண்ண வேண்டாம், நானும் பண்ண வேண்டாம், புள்ளயக் கேக்கலாம்'னுச்சு."

மறுநாள் அக்கா வந்து அவளைத் தனியாக உட்கார வைத்திருக்கிறார். மண்ணில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார். இது சரியாகிவிடும் என்றும், ஆனால் பின்னால் திரும்பவும் வரலாம் என்றும், ஆயுசுக்கும் பார்த்துத்தான் பாரம் தூக்க வேண்டியிருக்கும் என்றும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பிறகு, "உனக்கு வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னாலும் உங்கப்பங்கிட்ட நான் பேசிக்கறேன், வேணும்னாலும் நான் பேசிக்கறேன்," என்று கேட்டிருக்கிறார்.

"அத்தன பேரு கூடிப் பேசுன கல்யாணத்துல என்னக் கேட்டது அது ஒண்ணுதானுங்க," என்றாள். "அம்மா கேக்கல, அப்பன் கேக்கல. நீங்களும் கேக்கல."

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதானே. நாற்பது நாளும் மாமனார் என்ன சொல்வார் என்றுதான் நடுங்கினேன். இவள் என்ன சொல்வாள் என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"ஒரு நாளு டயம் வேணும், யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"ஒரு நாள் முழுக்கவா? என்ன யோசிச்சே?"

அவள் சிரித்துவிட்டு வரப்பில் முன்னால் போய்விட்டாள். ஐம்பது வருஷம் ஆகப் போகிறது. அந்த ஒரு நாள் என்ன யோசித்தாள் என்று இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.